ஐந்து வேளையும் போட்டவள்

"கேக்கல மேடம்" என்று பரிசோதனைக் கூடத்துப் பெண் சென்னையிலிருந்து ஃபோனில் சொன்னபோது, தன் குரல்தான் அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் காந்திமதி நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் சத்தமாக, "ஆவுடையப்பன், அம்பத்துநாலு வயசு, வலது கண், போன மாசம் இருபத்தெட்டாம் தேதி அனுப்பின சாம்பிள்" என்று மறுபடி சொன்னாள். "அதான் மேடம். அந்தக் கிருமிக்கு மருந்து கேக்கல. நீங்க போட்டுட்டிருக்கற களிம்பும் சரி, அதே வகை மாத்திரையும் சரி, எவ்வளவு கூட்டி வெச்சுப் பாத்தாலும் வளந்துட்டேதான் இருக்கு. ரிப்போர்ட்ட மெயில்ல அனுப்பிருக்கேன்." பெண்ணின் குரலில் ஒரு சின்ன உற்சாகம் இருந்தது. அவளுக்கு இது அடிக்கடி கிடைக்காத சாம்பிள். காந்திமதி நன்றி சொல்லி ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். மணி பத்து பத்து. வெளியே இருபத்திரண்டாவது டோக்கன் நடந்துகொண்டிருந்தது. ஆவுடையப்பன் முப்பத்தொன்று. அவரும் அவர் மனைவி உலகம்மையும் அவர் அக்காவும் காலையில் முதல் பஸ்ஸில் முக்கூடலிலிருந்து வந்து, மூன்றாவது வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை உள்ளே வரும்போதே அவள் பார்த்திருந்தாள். பார்த்ததும் வழக்கம்போல முகத்தைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. உலகம்மை எழுந்து நின்று கும்பிட்டாள். தான் தலையைக்கூட அசைக்கவில்லை.

இன்னும் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கு ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, அதற்குள் என்ன சொல்வது என்று யோசித்துவிடலாம். சொல்வதற்கு என்ன இருக்கிறது, மருந்தை மாற்றுகிறோம், அவ்வளவுதான். உள்ளே வந்த பள்ளிக்கூடத்து வாத்தியாரின் கண்ணை விளக்கின் முன் நிறுத்தி, "மேல பாருங்க, கீழ பாருங்க" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்ல, கை தன்பாட்டுக்கு இமையைத் திருப்ப, அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஆவுடையப்பனின் கண்தான். பத்து வாரத்துக்கு முன்னால் முதல்முறை பார்த்தபோது, மஞ்சள் சாயம் தொட்டு நீல விளக்கைப் போட்டதும், கருவிழியின் மேல் பச்சையாக, மெலிசாக, கிளை பிரிந்து கிளை பிரிந்து ஓடிய அந்தப் புண். புத்தகத்தில் போட்ட படம் மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தது. ஹெர்பிஸ் கிருமி, சந்தேகமே இல்லை. களிம்பு ஐந்து வேளை, பத்து நாளில் ஆறிவிடும் என்று சொன்னாள். நல்லபடியாகச் சொன்னாள், சிரித்துக்கூடச் சொன்னாள். அவருக்கு இருப்பது அந்த ஒரு கண்தான், இடது கண் சிறு வயதில் சுண்ணாம்பு பட்டுப் போய்விட்டது என்று உலகம்மை சொன்னபோது, "பயப்படாதீங்க" என்று அவள் தோளைத் தொட்டாள். அந்தக் கைதான் மூன்றாவது வாரம் மேஜையைத் தட்டியது. "கண்ணு அரிக்குது டாக்டர், அதும் ராத்திரியானா" என்றார் வாத்தியார். அலர்ஜி என்றாள், சொட்டு மருந்து எழுதினாள், எழுதும்போது வேளை எத்தனை என்று எழுதாமல் விட்டு, ஜெபராணி சிஸ்டர் திருப்பி நீட்டியபோதுதான் பார்த்தாள்.

மூன்றாவது வாரம் புண் பெரிதாகியிருந்தது. கிளைகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன. அப்போது அவள் மனதில் முதலில் வந்தது என்ன? அதை இப்போது நேர்மையாக நினைத்துப் பார்க்க வேண்டும். ஆவுடையப்பன் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை தினமும் சாப்பிடுகிறவர், அப்படிப்பட்ட உடம்பில் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும், இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பு. இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? போன வருஷம் மேல்படிப்பு மாணவர்களுக்கு அவளே பாடம் எடுத்தாள், பலகையில் இரண்டு வாரம் என்று எழுதி அடியில் கோடும் போட்டாள். ஆனால் அன்றைக்கு அது வரவில்லை. வந்தது ஒரே ஒரு நினைப்பு. இந்தப் பெண் ஒழுங்காகப் போடவில்லை. அந்த நினைப்பு வந்த வேகத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது. உலகம்மை பீடி சுற்றுகிறவள். விரல் நுனிகள் பழுப்பாக இருந்தன, சேலையில் புகையிலை வாசம். "இந்தக் கையோடவா மருந்து போடறீங்க?" என்று கேட்டாள். "சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் போடுதேன் டாக்டரம்மா. அஞ்சு வேளையும் போடுதேன்." "போட்டா ஏன் ஆறல? மருந்து பொய் சொல்லாதும்மா. மனுஷங்கதான் சொல்லுவாங்க." அந்த வாக்கியத்தைச் சொன்னபோது அது நன்றாக அமைந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. அறையில் ஆவுடையப்பன் இருந்தார். அவருடைய அக்கா பிச்சம்மாள் இருந்தாள். இரண்டு பேரும் உலகம்மையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபத்தைந்து, இருபத்தாறு. கண்ணில் இரும்புத் தூள் விழுந்த ஒரு பட்டறைக்காரர், கண்ணாடி வேண்டாம் என்று அழுகிற ஒரு சிறுமி. இவர்களுக்கெல்லாம் கை தவறாது, இது பழகிப்போன கை. ஊசி முனையால் இரும்புத் தூளை எடுத்துப் பஞ்சில் தட்டினாள். மனிதர்கள்தான் பொய் சொல்வார்கள் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. அப்பா. தபாலாபீஸில் வேலை பார்த்த அப்பாவுக்குக் கண்ணில் அழுத்த நோய் இருந்தது, அவள் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள், மாதா மாதம் சொட்டு மருந்து வாங்கிக் கொடுப்பாள். "போடறீங்களாப்பா?" "போடுதேன், போடுதேன்." ஃபோனில் கேட்டாலும் அதே பதில்தான், எரிச்சல் இல்லாத, இதமான குரலில். பார்வை குறைந்துகொண்டே போனது. அவளும் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தாள், பெரிய டாக்டர்களிடம் கேட்டாள். அப்பா போன பிறகு பீரோவைக் காலி செய்தபோது, மடித்து வைத்த சட்டைகளுக்கு அடியில் மூடி திறக்காத பதினோரு குப்பி. ஏன் போடவில்லை என்று கேட்க ஆளில்லை. கண் எரியும் என்றா, பார்வை போவது போகட்டும் என்றா, மகள் வாங்கிக் கொடுப்பதே போதும் என்றா, தெரியாது. அன்றிலிருந்து போட்டேன் என்று யார் சொன்னாலும் அவளுக்கு அந்தப் பீரோதான் ஞாபகம் வரும். இருபது வருஷமாக எத்தனையோ பேரை அதை வைத்துப் பிடித்திருக்கிறாள், சரியாகவும் பிடித்திருக்கிறாள், அவர்கள் தலையைத் தொங்கப்போட்டு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒத்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே போடாதவர்கள்? இதை இதற்கு முன் அவள் யோசித்ததே இல்லை. இப்போது வேண்டாம், இப்போது இதை இழுத்தால் நிற்காது.

ஆறாவது வாரம் உலகம்மை ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தாள். உள்ளே தீர்ந்துபோன களிம்பு ட்யூப்கள், வாலிலிருந்து கழுத்து வரை பீடி இலையைச் சுருட்டுவதுபோலச் சுருட்டிச் சுருட்டி ஒரு துளி மிச்சமில்லாமல் பிதுக்கியவை. மேஜையில் வைத்தாள். "பாருங்க டாக்டரம்மா." காந்திமதி பார்க்கவில்லை. பையை ஒரு விரலால் தள்ளினாள். பிதுக்கிக் கீழே போட்டாலும் ட்யூப் தீரும் என்று சொன்னாளா, நினைக்க மட்டும் செய்தாளா? சொன்னாள். பிச்சம்மாள் அப்போதும் பக்கத்தில்தான் இருந்தாள். "கிட்னியக் குடுத்துட்டா அதோட கடமை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுட்டா போல" என்று பிச்சம்மாள் சொன்னாள், டாக்டரைப் பார்த்து, ஒத்தாசைக்கு. காந்திமதிக்கு அப்போதுதான் தெரியும், ஆவுடையப்பன் உடம்பில் ஓடுவது உலகம்மையின் சிறுநீரகம் என்று. தெரிந்ததும் என்ன செய்தாள்? கேஸ் ஷீட்டைத் திறந்து, இங்கிலீஷில் இரண்டே வார்த்தை, நோயாளி தரப்பில் ஒத்துழைப்பு போதவில்லை என்பதற்கு உள்ள அந்த வழக்கமான இரண்டு வார்த்தையை எழுதினாள். தன் வயிற்றைக் கீறி ஒரு உறுப்பை எடுத்துக் கொடுத்தவளைப் பற்றி. எழுதிவிட்டுத் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள். அதற்கடுத்த முறை களிம்பு பிச்சம்மாள் பையில் வந்தது. இனிமேல் நான்தான் போடுகிறேன் என்று பிச்சம்மாள் சொன்னாள், உலகம்மை அறைக்கு வெளியிலேயே இருந்துகொண்டாள். "நல்லது" என்றாள் காந்திமதி. பிச்சம்மாள் மூன்று வாரம் போட்டாள், புண் இன்னும் பரவியது, கருவிழி ஓரிடத்தில் மெலிய ஆரம்பித்தது. அப்போதுதான், அப்போதுதான் அவள் கை சுரண்டி எடுக்கும் கத்தியைத் தேடிப் போனது. நாத்தனார் போட்டும் ஆறவில்லை என்றால் மருந்தில்தான் ஏதோ இருக்கிறது என்று தோன்ற, மனைவி போட்டு ஆறாதபோது ஏன் அப்படித் தோன்றவில்லை?

இன்டர்காமை எடுத்துத் தலைமை டாக்டர் அருணகிரியைக் கூப்பிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். ஊசி மருந்து போட்டால் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும், அதனால் சொட்டு மருந்தே போதும், சந்தேகத்தின் பேரில் மும்பையிலிருந்து தருவித்தது நாலு நாளாக ஃப்ரிட்ஜில் இருக்கிறதே, அதையே தொடங்குங்கள் என்றார். அது வேறு வழியில் கிருமியைத் தாக்குவது, இந்தக் கிருமி அதற்கு இன்னும் பழகியிருக்காது. "சரி சார். ஆனா அந்தம்மாகிட்ட நான்..." என்று இழுத்தாள். "என்னத்துக்கு? மருந்த மாத்தறோம்னு சொல்லுங்க, சந்தோஷமா வாங்கிட்டுப் போவாங்க. நீங்க ஏழு வாரம் லேட்டுன்னு நீங்களே எடுத்துக் குடுப்பீங்களா?" கொஞ்சம் நிறுத்தி, கனிவாகவே சொன்னார். "கேஸ் ஷீட்ல ஒத்துழைப்பு இல்லன்னு எழுதிருக்கீங்கல்ல, அது இருக்கட்டும். நாளைக்கு ஏதாவதுன்னா அது உங்களுக்குப் பாதுகாப்பு."

பாதுகாப்பு. இன்டர்காமை வைத்துவிட்டு அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மைதான். அவள் எழுதிய பொய் அவளைக் காப்பாற்றும். பொய் என்று தெரிந்து எழுதவில்லையே. தெரியாமல் எழுதியது பொய்யா, பிழையா? இருபத்தொன்பதாவது ஆள் வந்து உட்கார்ந்திருந்தார், எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கண்புரை, அறுவை சிகிச்சைக்குத் தேதி வேண்டும், சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள், அவர் சொன்னார், அவள் காதில் ஏறவில்லை, மறுபடி கேட்டாள். ஒன்றும் சொல்லாமல் புது மருந்தை மட்டும் கொடுக்கலாம். ஆறிவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம், எல்லாம் மறந்துபோகும். மறக்குமா? ஆறினால் என்ன சொல்வார்கள்? பிச்சம்மாள் வந்து போட்டாள், ஆறியது என்பார்கள். அந்த வீட்டில் அது எத்தனை வருஷம் சொல்லப்படும். சாப்பாட்டில் உப்பு கூடினால் சொல்லப்படும். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லப்படும். ஆறாமல் கருவிழி ஓட்டையானால், கடவுளே, அப்போதும் அவள் தலையில்தான் விழும். இரண்டு பக்கமும் உலகம்மைதான். இதில் காந்திமதி எங்கேயும் இல்லை. அவ்வளவு சுத்தமாக அவள் வெளியே வந்துவிட்டிருக்கிறாள். முப்பதாவது டோக்கன் ஆள் வரவில்லை என்று ஜெபராணி சொன்னாள். "முப்பத்தொன்ன அனுப்பட்டுமா மேடம்?" இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். "அனுப்புங்க. ரெண்டு பேரும் வரணும்னு சொல்லுங்க, அந்தம்மாவும்."

ஆவுடையப்பன் கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். ஊர்ப் பஞ்சாயத்தில் குடிநீர்த் தொட்டி ஆப்பரேட்டர். பார்வை மங்கியதிலிருந்து ஏணி ஏற முடியவில்லை, பக்கத்து வார்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். உலகம்மை கதவோரமாகவே நின்றாள். காந்திமதி அவர் கண்ணைப் பார்த்தாள். போன வாரத்தைவிட மோசமில்லை, நல்லதும் இல்லை, மெலிந்த இடம் இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்தாள். தண்ணீர் குடித்தாள். சொல்ல ஆரம்பித்தபோது பாடம் எடுக்கிற குரல் வந்தது, கிருமி, எதிர்ப்பு, பரிசோதனை முடிவு என்று. அது தனக்கே பிடிக்காமல் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தாள். "உலகம்மை, உங்க வீட்டுக்காரருக்கு வந்த கிருமி, நான் குடுத்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி. நீங்க அஞ்சு வேளை போட்டிருந்தாலும் சரி, அம்பது வேளை போட்டிருந்தாலும் சரி, ஆறியிருக்காது. நீங்க ஒழுங்காத்தான் போட்டிருக்கீங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மூணாவது வாரமே டெஸ்ட் பண்ணியிருக்கணும். பண்ணாம உங்களத் திட்டிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றினார், பிறகு மாட்டிக்கொண்டார். உலகம்மை அழுவாள் என்று காந்திமதி எதிர்பார்த்தாள். அழுதால் எழுந்து போய்த் தோளைத் தொடலாம் என்றும், தொட்டால் பாரம் கொஞ்சம் இறங்கும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது, அந்த நினைப்பின் மேலும் வெட்கம் வந்தது. உலகம்மை அழவில்லை. "எனக்குப் புத்தி சரியில்லயோன்னு நெனச்சேன் டாக்டரம்மா" என்றாள். "போட்டது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க போடலங்கீய. படிச்சவங்க சொல்லுதாங்க, அப்ப போட்ட மாதிரி நெனச்சுட்டுப் போடாமத்தான் இருந்திருக்கமோன்னு. அடுப்ப அணைச்சமா, கதவப் பூட்டினமான்னு நாலு தடவ திரும்பிப் போய்ப் பாக்கேன். பீடி சுத்தப் போறதயும் விட்டுட்டேன், எண்ணிக்க தப்பிருமோன்னு பயம்." புருஷன் பக்கம் திரும்பாமலே சொன்னாள், ஆனால் அவரும் கேட்கத்தான் சொன்னாள். அவர் "உலகு" என்றார்.

காந்திமதி கண் போகும் என்று பயந்திருந்தாள், சிறுநீரகம் போகும் என்று பயந்திருந்தாள், இப்படி ஒன்று போய்க்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டுவிட்டாள். இருபது வருஷத்தில் ஒரு நோயாளி வீட்டாரிடம் அவள் கேட்காத கேள்வி. உலகம்மை யோசிக்கவே இல்லை, இத்தனை வாரமாகத் தயாராக வைத்திருந்த மாதிரி இருந்தது. "எங்க மதினி வெளிய இருக்காவ. அவுக முன்னாடிதான சொன்னீய. அவுகள்ட்டயும் இத சொல்லணும்."

உள்ளே கூப்பிடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். கதவை மூடிக்கொண்டு நான்கு பேருக்குள் முடித்துவிடலாம். ஆனால் அதற்குள் கால் எழுந்துவிட்டிருந்தது. வெளி வராந்தாவில் நாற்பது பேர் இருந்தார்கள், டாக்டர் வெளியே வந்ததும் பேச்சு அடங்கியது. மூன்றாவது வரிசையில் வயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு பிச்சம்மாள். காந்திமதி அவள் முன்னால் போய் நின்று, உள்ளே சொன்னதையே சொன்னாள், குரலைத் தாழ்த்தாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சொன்னாள், இரண்டு இடத்தில் தாழ்ந்துவிட்டது. தப்பு என் பேரில், உங்க தம்பி சம்சாரத்து மேல ஒண்ணும் இல்லை என்றாள். பக்கத்தில் கண்கட்டோடு இருந்த ஒரு பெரியவர் தலையைத் திருப்பிக் காதைக் கொடுத்தார். பிச்சம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நாங்க என்னத்தக் கண்டோம்" என்றாள். "நீங்க சொன்னதத்தான நாங்க சொன்னோம்." அதில் கோபம்கூட இல்லை. திரும்பி அறைக்கு நடந்த பத்தடியும் முதுகில் நாற்பது பேரும் இருந்தார்கள்.

உள்ளே வந்து கேஸ் ஷீட்டைத் திறந்தாள். அந்த இரண்டு வார்த்தையையும் அடிக்காமல், அதற்குக் கீழே, இது தவறு, நோயாளியும் மனைவியும் மருந்தை முறையாகவே போட்டிருக்கிறார்கள், கிருமி மருந்துக்குக் கட்டுப்படாதது, பரிசோதனைக்கு நான் தாமதித்தேன் என்று எழுதி இன்றைய தேதியைப் போட்டாள். பாதுகாப்பு போயிற்று என்று ஒரு மூலையில் யாரோ சொன்ன மாதிரி இருந்தது. ஜெபராணி ஃப்ரிட்ஜிலிருந்து சின்னக் குப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். "இது முழிச்சிருக்கற நேரம் பூரா ரெண்டு மணிக்கு ஒரு சொட்டு, ஒரு நாளைக்கு ஒம்பது தடவ. ஃப்ரிட்ஜுல வைக்கணும். மூணு வாரம் ஒழுங்காப் போட்டீங்கன்னா..." சொல்லி முடிப்பதற்குள் உலகம்மையின் முகம் அப்படியே சுருங்கியது. ஒழுங்காக. எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை, நாக்கு தானாகப் போய் எடுத்துக்கொண்டுவிட்டது.

"இதும் கேக்கலன்னா?" என்றாள் உலகம்மை.

கேட்கும் என்று சொல்லலாம். பெரும்பாலும் கேட்கிறது. "தெரியாதும்மா" என்றாள். "கேக்கலன்னா வேற வழி பாக்கணும். பார்வை எவ்வளவு வரும்னும் இப்பச் சொல்ல முடியாது. தழும்பு இருக்கும்."

உலகம்மை தலையை அசைத்தாள். அந்த அறைக்கு அவள் வந்ததிலிருந்து ஒரு பதிலை நம்பியது இதுதான் முதல்முறை என்று காந்திமதிக்குப் பட்டது. குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை தேய்த்துக் கழுவி, துடைக்காமல் காற்றிலேயே உதறிக்கொண்டு வந்தாள். புருஷனின் மோவாயைத் தூக்கி, நடுவிரலால் கீழிமையை மெல்ல இறக்கி, குப்பியின் வாய் இமை மயிரில்கூடப் படாமல் ஒரே ஒரு சொட்டு விட்டாள். விட்டதும் இமையை விடாமல், மூக்கோரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் மெதுவாக எண்ணினாள். மருந்து மூக்குக்குள் இறங்கிவிடாமல் இருக்க அப்படிச் செய்ய வேண்டும் என்று முதல் நாள் தான் சொன்னது, மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னது. பத்து வாரத்தில் ஒரு தடவையாவது, எங்கே போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம் என்று அவள் கேட்டிருக்கவில்லை.